கடைசிப் பாட்டில் அப்பா இல்லை

சபாபதிக்கு, அல்லது இப்போது உனக்கு எந்தப் பெயர் பிடித்திருக்கிறதோ அந்தப் பெயருக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிந்துவிடும். முப்பத்து நாலு வருஷம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போய் வந்து, நில அளவை அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவன் நிலத்துக்குப் படம் வரைந்தவன் நான். எதையும் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு எல்லை விளங்கும். இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமலேதான் அனுப்பப் போகிறேன். உன் அம்மா படிக்கட்டும், நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் படிக்கட்டும், ஊரில் யாருக்குப் படிக்க வேண்டுமோ அவர்களும் படிக்கட்டும். ஒளித்துவைத்த காகிதம் இந்த வீட்டில் ஒன்று இருந்தது போதும்.

புயல் அடித்த மறுவாரம் அது என் கைக்கு வந்தது. கடலூரில் ஆன சேதத்தில் கால்வாசிகூட இங்கே இல்லை என்றாலும், உன் அறைத் தளத்தில் கீறல் விட்டுச் சுவர் அலமாரி முழுக்க ஊறிப்போயிருந்தது. கரண்ட் இல்லை, எனக்கு வேறு வேலையும் இல்லை. உன் புத்தகங்களை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பரப்பினேன். உன் காலேஜ் டிராயிங் நோட்டை விரித்தபோது நடுவிலிருந்து வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் விழுந்தது. அட்டையில் அந்தப் பெண் நின்றாள். நம் வீட்டு ஷோகேஸில் ஏழு வருஷமாக இருக்கிற இசைத்தட்டுப் பெட்டியின் மேல் நிற்கிறாளே, பட்டுடுத்தி, கையில் குருத்தோலை பிடித்துக்கொண்டு, அதே பெண். அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய புத்தகம் அது. "புத்தகம் இல்லப்பா, அந்தம்மா ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று நீ சொன்ன அதே புத்தகம்.

பெட்டி எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. சுனாமிக்கு மறுநாள் நீ தேவனாம்பட்டினத்துக்குப் போனாய். உனக்கு இருபத்தோரு வயசு. இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவன் இரண்டு மாசம் கழித்து, கண்ணெல்லாம் உள்ளே போய் வந்து நின்றாய். அங்கே என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. பரீட்சைக்குப் படித்தாயா என்று கேட்டேன். அது என் முதல் தப்பு, எழுதிக்கொள். முகாமில் வேலை பார்த்த ஒரு வயதான வெளிநாட்டு நர்ஸம்மா ஊருக்குத் திரும்பும்போது உனக்குக் கொடுத்தது என்று இரண்டு தட்டுகள் உள்ள பெட்டியைக் காட்டினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். முந்நூறு வருஷத்துக்கு முந்தின இத்தாலிப் பாட்டு, நாடகம் மாதிரி கதை இருக்கும், ஆனால் யாரும் வேஷம் கட்ட மாட்டார்கள், நின்ற இடத்திலேயே பாடி முடித்துவிடுவார்கள் என்றாய். நம் கதாகாலட்சேபம் மாதிரியா என்றேன். கிட்டத்தட்ட என்றாய். நான் பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்தேன். இளம்பெண், நகை, பட்டு, குருத்தோலை. குருத்தோலையைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? பந்தலும் தோரணமும்தான். "கல்யாணக் கதையா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு தலையை ஆட்டினாய்.

ஆட்டியதோடு விட்டாயா? கதையும் சொன்னாய். ராஜா ஒருவன் அந்தப் பெண்ணைக் கேட்கிறான், அவள் மனசில் வேறொருவர் இருக்கிறார், அதனால் மாட்டேன் என்கிறாள். ராஜாவைப் பகைத்துக்கொள்ளாதே என்று அப்பா மூன்று தடவை கெஞ்சுகிறார். அவள் அசையவில்லை. கடைசியில் அப்பாவும் மனசு மாறிக் கல்யாணத்துக்கு வந்துவிடுகிறார், கடைசிப் பாட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். இப்படிச் சொன்னாய். உன் அம்மா, "பரவால்லியே, நல்லபடியா முடிச்சிருக்கான்" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன். சர்வே கல்லை நானே போய்த் தொட்டுப் பார்க்காமல் ஒரு கோடு போடாதவன், உன் வாய்ச்சொல்லுக்கு ஒரு சாட்சியும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டு எனக்குள் எப்படி இறங்கியது என்று உனக்குத் தெரியும், நீயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். முதலில் எனக்கு அது சத்தமாகத்தான் இருந்தது. நாலைந்து தடவை கேட்ட பிறகு அடியில் ஓடுவது காதில் பிடிபட்டது. வயலினைவிடப் பெரிதாக, தரையில் ஊன்றி வாசிக்கிற ஒன்று ஒவ்வொரு சுரமாகப் படியிறங்கிக்கொண்டே இருக்கும். தந்தியைக் கிள்ளுகிற பெட்டி வாத்தியம் ஒன்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கும். இதில் கீரவாணிச் சாயல் இருக்கிறதே என்று ஒரு நாள் நான் துள்ளியபோது நீ சிரித்தாய். பாட்டு நடுவில் வேறெங்கோ போய்விட்டு மறுபடி முதல் வரிக்கே வரும். ஆனால் வரும்போது சும்மா வராது. நம் ஆள் பல்லவிக்குத் திரும்பிச் சங்கதி போடுகிற மாதிரி, அதே வரியை உடைத்து, இழைத்து, போன தடவை சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லும். வெள்ளைக்காரனுக்கும் சங்கதி தெரிந்திருக்கிறது என்று நான் மேலவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா பாட்டு மூன்றும் எனக்கு மனப்பாடம். முதலாவதில் அதட்டல். இரண்டாவதில் கெஞ்சல். 'ஃபீல்யா, ஃபீல்யா' என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுவார், மகளே என்று அர்த்தம் என்றாய். நீ சொன்னதில் உண்மை அந்த ஒரு வார்த்தைதான். மூன்றாவது தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பாடகர் மூச்சு இழுப்பது தட்டில் பதிவாகியிருக்கும். பின்னால் யாரோ தாளைத் திருப்புகிற சரசரப்பும், ஒரு நாற்காலி முனகுவதும் கேட்கும். அந்த மூச்சுக்காகவே அந்த இடத்தை எத்தனை தடவை போட்டிருப்பேன். மூன்றாவது பாட்டு முதல் வரிக்குத் திரும்பவே திரும்பாது. நடுவிலேயே அவர் குரல் நின்றுவிடும். அந்தப் பெரிய வாத்தியம் மட்டும் நாலு சுரம் தனியாக இறங்கிப் போய் ஓய்ந்துவிடும். மனசு மாறிவிட்டது, அதனால்தான் பேச்சு நின்றுவிட்டது என்று நான் உனக்கே விளக்கம் சொன்னேன். நீ ஆமாம் என்றாய். கடைசிப் பாட்டில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது அடியில் ஒரு கட்டைக் குரல் கேட்கும். அதுதான் அந்த அப்பா, வந்துவிட்டார் பார் என்று உன் அம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

உன் கல்யாணத்துக்கு நான் சம்மதித்ததே அந்தக் கட்டைக் குரலைக் கேட்டுத்தான். போன ஆனி மாசம் நீ வந்து ஜெனிட்டா என்று ஒரு பெண், கடலூரில் டீச்சர் என்றாய். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். ராஜாவுக்குப் பயந்தவனே மகளுக்காக இறங்கி வந்தான், நமக்கு எந்த ராஜா இருக்கிறான் என்று தோன்றியது. கூப்பிட்டுச் சரி என்றேன். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம்பா. அவளும் மாற வேணாம், நானும் மாறல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். உன் தாய்மாமன் பெண்ணாடத்திலிருந்து கரும்பு வெட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பையன் மாறிட்டானா?" என்று கேட்டான். அவனுக்கு எதிரில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? காலை நீட்டிக்கொண்டு, ராஜா மாதிரி. என் பையன் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான் என்றேன். சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் அதே வாக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தேன். இடப்பக்கம் இத்தாலி, வலப்பக்கம் இங்கிலீஷ். எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ்தான் வரும் என்றாலும் இது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதில் ராஜா பெண் கேட்கவில்லை. கல்யாணமே இல்லை. ரோம் ராஜ்யத்தில், கிறிஸ்துவர்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி அந்த மதத்தில் சேர்ந்துவிடுகிறாள். எங்கள் சாமி முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடு, விட்டுவிடுகிறேன் என்கிறான் அதிகாரி. அவள் மாட்டேன் என்கிறாள். அப்பா அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர். அவர் மூன்று தடவை வந்து கெஞ்சுகிறார். 'மகளே, உன் மனசை யார் கேட்டது? இரண்டு விரலைத்தானே கேட்கிறேன்' என்கிறார். குருத்தோலை கல்யாணத்துக்கு இல்லை, சாமிக்காக உயிரை விட்டவர்களின் கையில் கொடுத்து வரைவதாம். மூன்றாவது பாட்டு நின்றுபோவது மனசு மாறியதால் இல்லை. 'முகத்தை மூடிக்கொண்டு வெளியேறுகிறார்' என்று போட்டிருக்கிறது. கடைசிப் பாட்டைப் பாடுவது ஊர் ஜனங்கள். அவள் செத்த பிறகு பாடுகிறார்கள். பாடுகிறவர்கள் பட்டியலில் அப்பா இல்லை. நான் இரண்டு தடவை விரலை வைத்துத் தேடினேன். இல்லை.

பின்னட்டையின் உள்பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரு தேதி. பக்கத்தில் ஸ்டீபன் என்று ஒரு பெயர். நீ ஞானஸ்நானம் வாங்கிய நாள் என்று கீழே நீயே எழுதியிருக்கிறாய். ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. அந்தப் பெண்ணை நீ பார்ப்பதற்கு நாலு வருஷம் முந்தி. ஆக, கல்யாணத்துக்காக மாறினாய் என்று நினைத்து என்னை நானே தேற்றிக்கொள்ளவும் நீ வழி வைக்கவில்லை.

கீழே இறங்கிப் போய் உன் அம்மா முன்னால் புத்தகத்தை வைத்தேன். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அட்டையைப் பார்த்ததும் அரிவாள்மனையை மடக்கிவிட்டாள். அவள் அதை மடக்கிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

"மூணு வருஷமா தெரியும். அவனேதான் வந்து சொன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவன வுட்ருவீங்க. எனக்கு நீங்களும் வேணும், அவனும் வேணும். நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று மிச்சத்தையும் சொன்னாள். அடுத்த மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ் கிடையாது. காலையில் கடலூரில் சர்ச், சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. "உங்கள சாயங்காலத்துக்கு மட்டும் கூட்டிட்டு வரச் சொன்னான்."

மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் ஒரு விஷயம் மூன்று வருஷம் நடமாடியிருக்கிறது. நான் அந்த வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டும், பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன். இதைவிட நீ என்னை நடுத்தெருவில் நிற்கவைத்து அடித்திருக்கலாம். ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் இரண்டு விரலைக்கூடத் தரவில்லை. நீ? சனிக்கிழமை தோறும் கடலூரிலிருந்து வந்து, என்னோடு நடராஜர் சன்னதியில் நின்று, நான் நீட்டிய விபூதியை மூன்று விரலால் நெற்றியில் பூசிக்கொண்டாயே, அது யாருக்காகப் பூசியது? எனக்கும் உண்மையாக இல்லை, நீ நம்புகிற சாமிக்கும் உண்மையாக இல்லை. அவள் கதையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவன் அவளிடமிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?

கரண்ட் வர இன்னும் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் தட்டைப் போட முடியாமல், உன் நோட்டையும் அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தேன். நீ ஏன் அன்றைக்கு என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தாய் என்று யோசித்தேன். அப்போதுதான் ராமலிங்கம் நினைவுக்கு வந்தார். என்னோடு இருபது வருஷம் எதிர் மேஜையில் படம் வரைந்தவர். அவர் மனைவி செய்கிற எலுமிச்சை சாதத்துக்காக நான் என் டப்பாவைத் திறக்காமலே இருந்த நாட்கள் உண்டு. சுனாமிக்கு முந்தின வருஷம் அவர் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கிவிட்டார். மறுநாளிலிருந்து நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். அவர் ஒரு வாரம் எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். ஓய்வு பெறும் வரைக்கும் அவர் சாப்பாட்டில் நான் கை வைக்கவில்லை. நீ முகாமிலிருந்து திரும்பிய புதிதில், வீட்டில் ஒரு நாள் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொல்லி, "பெத்தவங்க உசுரோட இருக்கறப்பவே கொள்ளி வெச்சுட்டான்" என்றேன். நீ ரசம் சாதத்தில் கை வைத்தவன் பிசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். வயிறு சரியில்லை என்று எழுந்து போனாய். ராமலிங்கத்துக்கு நான் செய்தது துரோகம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது. அதனால் உன்னுடையது துரோகம் இல்லை என்று ஆகிவிடாது.

கரண்ட் வந்த மத்தியானம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தட்டையும் முழுசாகக் கேட்டேன். உன் அம்மா சமையலறை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. ஏழு வருஷம் கேட்டது வேறு, அன்றைக்குக் கேட்டது வேறு. அந்தப் பெண்ணின் பாட்டுகளை நான் அதுவரை கவனித்துக் கேட்டதே இல்லை. அப்பா பாட்டுக்கு அப்பா பாட்டு தாவிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கத்தவே இல்லை. மூன்று தடவையும் தாழ்ந்த குரலில், அவர் பாடிய அதே மெட்டை எடுத்து, அவருக்கே நோகாமல் திருப்பிக் கொடுக்கிறாள். அவள் பதில் இருந்த பக்கத்தின் ஓரத்தில் நீ பென்சிலில் 'கரையேறவிட்ட குப்பம்' என்று எழுதியிருந்தாய். வேறொன்றும் இல்லை, அந்த ஊர்ப்பெயர் மட்டும். அங்கே தட்டை நிறுத்திவைத்துவிட்டு, பிறகுதான் மிச்சத்தைக் கேட்டேன்.

ஏன் எழுதினாய் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளையில் உன்னைக் கடலூருக்குக் கூட்டிப்போகும் போதெல்லாம், பஸ் திருப்பாதிரிப்புலியூரை நெருங்கும்போது அந்தக் கதையைச் சொன்னவன் நான்தான். நம் நாயனாரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், யானையை விட்டு மிதிக்கப் பார்த்தார்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். ராஜாவே சொன்னாலும் மாறமாட்டேன் என்று நின்றார், கல் மிதந்தது, இந்த ஊரில் கரையேறினார் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். நீ கண்ணை விரித்துக் கேட்பாய். அந்தக் கதையில் நான் கல்லில் கட்டப்பட்டவர் பக்கம் நின்றேன். இந்தப் பாட்டில் கெஞ்சுகிறவர் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். நீ எனக்குத் தெரியாமல் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த நாயனார் வேறு மதத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நப்பாசை எனக்கு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக உன்னிடம் மூன்று பாட்டுப் பாட மாட்டேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி அதிகம் இல்லை. உன் பெண்டாட்டியிடம் பாதிக் கதை சொல்லாதே. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, எதையோ பார்த்து வந்து கண் உள்ளே போய் நின்றால், பரீட்சையைக் கேட்காதே. அது உன் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினால், உன் முகத்தில் அப்படி என்ன இருந்தது என்று கண்ணாடியில் போய்ப் பார். நான் பார்த்தேன், ஏழு வருஷம் தாமதமாக. ராமலிங்கம் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறாராம். போய்ப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

பெண்ணாடத்துக்குப் போன் பண்ணி, நான் சொன்னது பொய் என்று உன் மாமனிடம் சொல்லிவிட்டேன். அவன் பட்டென்று போனை வைத்துவிட்டான். அடுத்த மாசம் காலையிலேயே நான் வருகிறேன். விபூதி பூசிக்கொண்டுதான் வருவேன், பின் வரிசையில் ஒளிந்து உட்கார மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதே. மன்னிக்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய் இன்னும் என் கையிலேயே இருக்கிறது. ஆனால் நீ அன்றைக்கு எத்தனையோ விதமாகக் கதை கட்டியிருக்கலாம். அந்த அப்பா கடைசியில் வந்துவிடுகிறார் என்று ஏன் கட்டினாய்? புத்தகத்தில் கடைசிப் பாட்டில் அப்பா இல்லை, சபாபதி. நீ சொன்ன பொய்யில்தான் இருக்கிறார். அந்த ஒரு பொய்யை மட்டும் நான் வந்து உண்மையாக்கிவிடுகிறேன்.

சர்ச்சில் அப்பாக்காரன் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதை நீயே நேரில் வந்து என்னிடம் சொல். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அப்பா